அந்த வார்டில் ஓட்டுப்பதிவு நடக்கவில்லை

தேர்தல் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பில் பேசுவதற்கு அண்மையில் என்னை அழைத்திருந்தார்கள். பெங்களூரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தாயிற்று. வார்டு எல்லைகள் எல்லாம் மாறிவிட்டன. கவுன்சில் கலைந்து பல வருடங்கள் ஆனதால், அந்த அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு மாநகராட்சித் தேர்தலைக்கூட உள்ளே இருந்து பார்த்ததில்லை. கேள்வி நேரத்தில் ஓர் இளம்பெண் எழுந்து, "சார், நாமினேஷன் பரிசீலனையில நீங்க பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டார்.

நான் வேறொரு கதையைச் சொன்னேன். சமமான ஓட்டு வாங்கிய இருவரில் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்த கதை. எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். சிவாஜிநகருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு உரிய பதிலை நமது ஓய்வுபெற்றோர் சங்க மலரில் எழுதுகிறேன். சங்கத்தில் என்னோடு வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது நியாயமாகவே இருக்கும்.

மாநகராட்சியின் வருவாய்ப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். வீட்டு வரி, கட்டட அளவு, வரி நிலுவை நோட்டீஸ் இவைதான் என் அன்றாட வேலை. தேர்தல் எப்போதாவது வந்து எங்களை இரண்டு மாதம் பிடித்துக்கொண்டு போகும். வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைப்பது, விரலில் மை வைப்பது, "என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள்" என்று அழுகிறவருக்கு எந்தச் சீட்டைக் கொடுப்பது, இதெல்லாம் ஓரிரு தேர்தல்களில் பழகிவிட்டது. பிறகு வாக்குச்சாவடியிலிருந்து என்னை எடுத்து, தேர்தல் நடத்தும் அலுவலருக்கு உதவியாளராகப் போட்டார்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம், கொஞ்சம் உருது எல்லாம் தெரிந்த ஆள் என்பதுதான் காரணம்.

வகுப்பில் சொன்ன குலுக்கல் இந்தப் பணியில் பார்த்ததுதான். மறு எண்ணிக்கையிலும் இருவருக்கும் சம ஓட்டு. ஒரே அளவில் இரண்டு காகிதம் கிழித்து, பெயர்களை எழுதி மடித்து, யாரோ ஒருவருடைய காலி டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். தோற்றவர், "இதுக்கா நான் தெருத்தெருவா செருப்பு தேய அலைஞ்சேன்? மொதல்லயே டப்பாவ எடுத்திருக்கலாமே!" என்றார். கொடுமை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டப்பாவில் கிடக்கும் காகிதத்துக்கு எந்த வேட்பாளர் மீதும் மனக்கசப்பு கிடையாது.

எனக்கு இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருடம் எங்களுக்குத் தேர்தல் நடத்தும் அலுவலராக வந்தவர் பாட்டீல். வடகர்நாடகத்துக்காரர், பெங்களூருக்குப் புதியவர். அவர் வேலை செய்யும் விதத்தை இன்றைக்கும் நான் மதிக்கிறேன். மேசையில் உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைப்பார். எந்த வேட்பாளர் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்பார். பென்ஸ் காரில் வந்தவருக்கும் நிற்பார், ரப்பர் செருப்பில் வந்தவருக்கும் நிற்பார். வேட்பாளர்கள் முன்னால் டீ குடிக்க மாட்டார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பார். முக்கியமான கேள்வியை, ஒரு சொல்லும் மாறாமல், இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை மனிதர்கள் வாயில் வந்ததைச் சொல்வார்கள், இரண்டாம் தடவைதான் யோசித்துச் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு.

மனு பரிசீலனை எப்படி நடக்கும் என்பதை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வார்டுக்கு வந்த எல்லா மனுக்களையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டும். அறைக்குள் வேட்பாளர், முன்மொழிந்தவர், ஏஜென்ட், வக்கீல் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. மனுவை உரக்கப் படிப்போம். முன்மொழிந்தவர் அதே வார்டின் வாக்காளரா என்று பார்ப்போம். வைப்புத்தொகை, சொத்து விவர உறுதிமொழி, வார்டு ஒதுக்கப்பட்டதாக இருந்தால் சாதிச் சான்றிதழ். பிறகு, "ஆட்சேபனை உண்டா?" என்று கேட்போம். இதில் பாட்டீல் ஒரு விதியை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார். சந்தேகம் வந்தால் மனுவை ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறாக ஏற்றதை வாக்காளர்கள் சரிசெய்யலாம், கோர்ட் சரிசெய்யலாம். தவறாகத் தள்ளிவிட்டால், அந்தப் பெயர் ஓட்டுச்சாவடிக்கே போகாது. அதன் பிறகு வாக்காளரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அடுகோடிப் பக்கத்து ஒரு வார்டு அந்தத் தடவை சுழற்சியில் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பல காலம் கார்ப்பரேட்டராக, அதாவது வார்டு கவுன்சிலராக, இருந்தவருக்கு இனி நிற்க வழியில்லை. இப்படி ஆகும்போது பழையவர்கள் என்ன செய்வார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். தன் கார் டிரைவரின் மனைவி மஞ்சுளாவை நிறுத்தி, தானே அவருக்கு ஏஜென்டாக வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் அன்று முழுவதும் தன் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்த்து மனுப் போட்டவர் வசந்தா. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் தையல்காரர். அவர் தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய மோரி, சாக்கடைக் கால்வாய், ஓடுகிறது. அதன் தடுப்புச் சுவர் இடிந்து கிடந்ததால், பெருமழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீடுகளுக்குள் வரும். சுவருக்காக எங்கள் ஆபீஸில் மனுக் கொடுத்துக் கொடுத்துச் சலித்து, நாமே கார்ப்பரேட்டர் ஆனால்தான் சுவர் எழும்பும் என்று தெருப் பெண்கள் அவரை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பெண்மணியும் மனுப் போட்டிருந்தார். அவர் பழைய கார்ப்பரேட்டருக்கு வேண்டியவர், வாபஸ் வாங்கிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வசந்தாவின் சாதிச் சான்றிதழ் சரியாக இருந்தது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. அவர் கணவர் ஆரோக்கியராஜ் பெயின்டர், பிறவிக் கத்தோலிக்கர். கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதியாக இந்த வார்டில் நிற்க முடியாது. பழைய கார்ப்பரேட்டரின் வக்கீல் இதைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு வசந்தா மதம் மாறிவிட்டார் என்பது ஆட்சேபனை.

வசந்தா கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். தமிழிலேயே எழுதுகிறேன்.

"நீங்கள் சர்ச்சுக்குப் போவீர்களா?" என்று பாட்டீல் கேட்டார்.

"போவேன் சார். புருஷன் போறாரு, புள்ளைங்க போறாங்க, நான் மட்டும் வெளிய நின்னு செருப்புக்குக் காவலா இருப்பேன்? எங்க மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறப்ப அவருதான் சார் அண்டா தூக்குறாரு. அதுக்காக அவரு ஹிந்து ஆயிட்டாரா?"

முன்மொழிந்தவராக வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்துவிட்டார். பாட்டீல் சிரிக்கவில்லை.

"கல்யாணம் சர்ச்சிலா?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சார். சாமியாரு ஞானஸ்நானம் எடுத்துக்கச் சொன்னாரு. எங்கப்பா ஒத்துக்கல. அதனாலதான் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போனோம்."

"ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்பதற்குச் சான்று உண்டா?" என்றார் வக்கீல்.

"எடுக்காததுக்கு எந்த ஆபீஸ்ல சார் சர்டிபிகேட் தருவாங்க? நீங்க வக்கீலு, சொல்லுங்க, போய் வாங்கியாறேன்."

இதுவரை வசந்தாவின் பக்கம்தான் காற்று. அப்போது வக்கீல் ஒரு போட்டோவை மேசைமேல் வைத்தார். சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா. வசந்தா காவிப் புடவை கட்டி, கையில் மெழுகுவத்தியோடு நிற்கிறார். "வேண்டிக்கொண்டு விரத உடை அணிந்திருக்கிறார். பக்தை. இது வேடிக்கை பார்க்க வந்தவர் கோலமா?" என்றார் வக்கீல்.

பாட்டீல் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அந்தத் திருவிழா தெரியாது. காவி என்றால் அவர் ஊரில் மடத்துச் சாமியார்களின் உடை. என் பக்கம் திரும்பி, "அந்தோணி, இது உங்கள் கோயில். இப்படிக் காவி கட்டி மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் கிறிஸ்தவர்கள்தானா?" என்று கேட்டார்.

கேள்வி என்னிடம் வந்ததும் வசந்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சிவாஜிநகரில் ஒரு வாரம் இருந்தவர்கூட அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். அந்தத் திருவிழாவில் காவி கட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் நெற்றியில் குங்குமத்தோடு வருவார்கள். பிள்ளை வரம் கேட்டு வருவார்கள், நோய் தீர வருவார்கள். கறிக்கடைக்காரர் வீட்டு முஸ்லிம் பெண்களும் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் எந்த மதம் என்று கேட்பதில்லை. நான் வருடா வருடம் வரிசையை ஒழுங்குபடுத்தும் தொண்டர்களில் ஒருவன்.

என்ன சொன்னேன் என்பதற்கு முன், ஏன் சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும். என் தாத்தாவும் வசந்தாவின் முன்னோர்களும் ஒரே சாதி, கன்டோன்மென்டில் ஒரே வேலை. தாத்தா ஞானஸ்நானம் வாங்கினார், அவருடைய அண்ணன் வாங்கவில்லை. பி.யூ.சி.யில் நானும் அந்த அண்ணனின் பேரனும் ஏறக்குறைய ஒரே மார்க். சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீஸ் போனபோது, கிறிஸ்தவர்களுக்குக் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். வேறு பட்டியலில் ஏதோ இடம் உண்டு என்றார்கள், எனக்கு அது பயன்படவில்லை. அவன் இன்ஜினியரானான். நான் வீட்டு வரி எழுதப் போனேன். அவன் மீது எனக்குக் கோபம் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் மாதாவிடமும் வந்து நின்று, சான்றிதழையும் வைத்துக்கொண்டிருக்கிற எவரைப் பார்த்தாலும், நான் விலை கொடுத்து வாங்கியதை இவர்கள் இலவசமாக எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று உள்ளே எரியும். சட்டத்தின் மீது வர வேண்டிய கோபம் அது. சட்டம் எனக்கு எட்டாத இடத்தில் இருந்தது, வசந்தா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"எங்கள் ஜனங்கள்தான் சார் கட்டுவார்கள்" என்றேன்.

பாட்டீல் கடிகாரத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, மறுபடியும் அதே சொற்களில் கேட்டார். "இப்படிக் காவி கட்டி மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் கிறிஸ்தவர்கள்தானா?"

யோசித்துப் பதில் சொல்வதற்கான நேரம் எனக்கு முழுதாகக் கொடுக்கப்பட்டது. "ஆமாம் சார்" என்றேன்.

வசந்தா, "சார், இவரு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பாட்டீல் தீர்ப்பைத் தன் கையாலேயே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "சந்தேகம் இருந்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். எனக்கு இப்போது சந்தேகம் இல்லை" என்று வசந்தாவிடம் மரியாதையோடு சொன்னார். சான்றிதழை நம்பி மேலே போயிருக்க வேண்டும், ஒரு உதவியாளரின் வாய்ச்சொல்லை எடுத்திருக்கக் கூடாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அவருக்கு இருந்த நல்ல சந்தேகத்தைத் துடைத்து எடுத்தவன் நான்.

வராந்தாவில் வசந்தா எனக்காகக் காத்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"சார், போன வருஷம் க்யூவுல எனக்கு முன்னாடி புர்கா போட்ட ஒரு அம்மா நின்னாங்க. காத்துல மெழுகுவத்தி அணஞ்சி அணஞ்சிப் போச்சு. நீங்கதான சார் கையக் குவிச்சிப் பத்த வெச்சிக் குடுத்தீங்க?"

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"அப்படியா சார்" என்றார்.

மூன்றாவது பெண்மணி வாபஸ் வாங்கினார். மிச்சம் ஒரே பெயர். மஞ்சுளா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ஒட்டியவன் நான். அந்த வார்டுக்கு ஒதுக்கிய வாக்குப்பதிவு இயந்திரங்களை வேறு வார்டுகளுக்கு மாற்றினோம். ஓட்டு நாளன்று செய்தி தெரியாத சிலர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பூட்டிய கேட்டின் முன்னால் நின்றார்கள். பக்கத்து வார்டுக்குப் போகிற வழியில் எங்கள் ஜீப்பை மறித்து ஒரு பெண் கேட்டார்: "ஊரே ஓட்டுப் போடுது, எங்கள மட்டும் ஏன் சார் கேக்கல?" எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்று விளக்கினேன். விளக்குவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

தள்ளுபடியை எதிர்த்துத் தேர்தல் முடிந்த பிறகுதான் வழக்குப் போட முடியும். வசந்தாவின் தெருக்காரர்கள் ஓர் இளம் வக்கீலைப் பிடித்தார்கள். அவர் என் வீட்டுக்கே வந்தார். திருவிழாவைப் பற்றி ஒரு அரசு ஊழியர் சாட்சி சொன்னால் வழக்கு நிற்கும் என்றார். மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் நான் பேச முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அனுமதி கேட்கவே இல்லை. வழக்கு போடாமலேயே கெடு முடிந்தது. மோரிச் சுவர் அந்தக் கவுன்சில் இருந்த காலம் முழுவதும் எழும்பவில்லை.

அடுத்த திருவிழா முடிந்த மறுநாள் காலையில் பாட்டீல் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நேற்று உங்கள் மாதா கோயிலுக்குப் போய் வந்தேன். காவி கட்டியவர்கள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் குங்குமம் வைத்திருந்தார். பின்னால் நின்றவரும்தான்" என்றார். "ஆயித்து" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். சரி, முடிந்தது, போகலாம் என்று பொருள். மாற்றலாகிப் போகும் வரையில் அதன் பிறகு அவர் என்னிடம் எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

பயிற்சி வகுப்பு முடிந்த வாரம் அடுகோடிக்குப் போனேன். வசந்தா ஃபாக்டரி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தெரிந்தே பொய் சொன்னேன், இரண்டு தடவையும், வராந்தாவில் சொன்னதும் பொய் என்றேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் சார்."

"மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

"எனக்கு எதுக்கு சார் மன்னிப்பு? கார்ப்பரேட்டர் ஆகாததுல ஒண்ணும் கொறஞ்சி போயிடல. ஆனா இந்தத் தெருவுல என் பேரு என்ன தெரியுமா? டூப்ளிகேட் வசந்தா. பொய் சர்டிபிகேட் வெச்சி ஏமாத்தப் பாத்தவ. ஓட்டே இல்லாமப் போனதுக்கு நான்தான் காரணம்னு, தண்ணி உள்ள வர்றப்பல்லாம் என்னத்தான் திட்டுவாங்க. என்ன நிக்கச் சொன்னவங்களே திட்டுவாங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எங்கிட்ட சொன்னத அவங்ககிட்ட சொல்றீங்களா? ஞாயித்துக்கெழம டீக்கடையாண்ட எல்லாரும் இருப்பாங்க."

போனேன். டீக்கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டு அம்மாளும் இருந்தார். வயதாகிவிட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. வசந்தா தள்ளி நின்றார். நான் யார், அன்று என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எது உண்மை, எல்லாவற்றையும் சொன்னேன். இந்தம்மாவின் சான்றிதழில் பொய் இல்லை, பொய் என் வாயில் இருந்தது என்றேன். பென்ஷன் வாங்கும் மனிதன் நடுத்தெருவில் நின்று இப்படிச் சொன்னால் எல்லோரும் அதிர்ந்துபோவார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எலக்ஷன் வரப்போவுதுல்ல? அதான் ஆளக் கூட்டியாந்துட்டா."

"யாருக்கா இந்தப் பெரிசு? நல்லாப் பேசுது. மைக்கு ஒண்ணு குடுத்துடலாம்" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது.

"சத்தியமா, யாரும் என்னைக் கூட்டிக்கொண்டு வரவில்லை" என்றேன்.

"வர்றவங்க எல்லாரும் அதத்தான் சார் சொல்வாங்க."

பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வசந்தாவிடம், "நெசமாவே சொல்றாராடி? இல்ல நீ சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டார். வசந்தா என்னைத்தான் பார்த்தார்.

அன்று என் பொய்யை ஒரே ஒருவர் நம்பினால் போதுமாக இருந்தது. அவரும் நம்பினார். இப்போது உண்மையை ஒரு தெரு நம்ப வேண்டும். தேர்தல் முடியும் வரையில் என் வார்த்தைக்கு அங்கே விலை இருக்காது என்பது எனக்குத் தெரிந்தது. முடிந்த பிறகும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

வசந்தா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். பஸ் வந்தபோது, "அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன்" என்றேன்.

"வாங்க" என்றார். "டீ குடிச்சிட்டு உக்காருங்க. அவங்களா கேட்டா சொல்லுங்க."